ஷெட்டில் மட்டும் குளிர்ந்த ஏசி

வண்டியில் ஏசி குளிரவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். "கேஸ் போட்டுடுங்க" என்பார்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை எந்த ஷெட்டில் நிறுத்தினாலும் இதே பேச்சுதான். கேஸ் ஏன் குறைந்தது, உண்மையில் குறைந்ததுதானா என்று நாம் வாயைத் திறப்பதற்குள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாத ஒரே ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். அவன் என் மனைவியின் தம்பி. அவனைத்தான் நான் நாலு பேர் முன்னால் திருடன் என்று சொன்னேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்றில், நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு எங்களுடையது. இரும்புலியூர் வீட்டில் காலையில் படித்த பேப்பரை மத்தியானம் மறுபடி படிக்கிற ஆளாகிவிடுவேனோ என்று பயந்துபோய், கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய வேனை வாங்கினேன். உள்ளே இருந்த இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு படுக்கை, ஒரு மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மூலையில் கதவு போட்ட சின்னக் கழிப்பிடம் எல்லாம் வைத்தேன். நான் அதை மோட்டார் ஹோம் என்று சொல்வேன். எங்கள் தெருவில் ஷூட்டிங் வண்டி என்றார்கள்.

என் கணக்கு தப்பாக இருக்கவில்லை. மேடவாக்கத்தில் அப்பார்ட்மென்ட் அப்பார்ட்மென்டாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே குடியிருந்த ஐடி பிள்ளைகளுக்கு வயதான அப்பா அம்மாவை வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்பவேண்டும், ஆனால் கூடப் போக நேரம் இல்லை. படுத்துக்கொண்டே போகலாம், பாத்ரூம் உண்டு, முக்கியமாக ஏசி உண்டு என்றால் போதும். கூப்பிட்டார்கள்.

அந்த ஏசியைச் செய்தவன் என் மச்சான்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலேயே, தகரக் கூரை போட்ட ஷெட் அவனுடையது. ஜெனரேட்டர் வைத்துப் பின்னால் தனி ஏசி போடும் வசதி என்னிடம் இல்லை. அவன் இரண்டு நாள் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் டேஷ்போர்டுக்குள் இருந்த ஏசியைப் பெரிதாக்கி, அதிலிருந்து பின்பக்கப் படுக்கை வரை குழாய் இழுத்து, குளிர் காற்று மூன்று துளை வழியாகத் தலைமாட்டில் விழும்படி செய்தான். முதல் வருடம் முழுக்க ஒரு புகார் இல்லை. சித்திரை வெயிலில்கூடக் கிழவிகள் போர்வை கேட்டார்கள்.

அவனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். என் மனைவிக்கு அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது இந்தத் தம்பி மட்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டிபன் கேரியரில் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து அந்த ஷெட்டுக்குப் போவாள். பழைய டயர் மேல் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வருவாள். மற்ற பெண்கள் அம்மா வீட்டுக்குப் போய்வருவதுபோல அவளுக்கு அது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் பின்னால் அவனை அப்படிப் பேசினேன்.

ஆனால் எனக்கு அவனைப் பற்றி ஒரு கூச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் கொஞ்சம் நாசூக்காகப் பேசுவோம். அவன் பேச்சு ஷெட்டோடு சேர்ந்து மாறிவிட்டிருந்தது. சர்ச் ஆட்கள் வீட்டுக்கு வரும்போது அவன் இருந்தால், பின்பக்கம் மோட்டார் ஓடவில்லை, பார் என்று ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவேன். அவனும் போய், ஓடுகிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இரண்டாவது கோடையின் தொடக்கத்தில் கம்ப்ரசரில் கசிவு. என்ஜின் ஓடும்போது பெல்ட் சுற்றி ஏசியை இயக்குகிற பாகம் அதுதான். அதைக் கழற்றி நாலு நாள் வைத்திருந்து, சீல் மாற்றித் திரும்பப் பூட்டினான். அதே வாரத்தில் நானும் ஒரு காரியம் செய்தேன். அப்போதுதான் ஃப்ளெக்ஸ் பேனர் எல்லா இடத்திலும் வர ஆரம்பித்திருந்தது. காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ். நானும் என் பெயரையே வைத்திருந்த டிராவல்ஸின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே வேத வசனம் ஒன்றும் சேர்த்து, வண்டியின் முகத்துக்கு அளவெடுத்து ஒன்று அடித்தேன். சுற்றுலா வண்டி என்றால் முன்னால் பேனர் கட்டவேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். கட்டாத வண்டியைப் பார்த்தால் எங்கோ சாமான் ஏற்றப் போகிறது என்று நினைப்பார்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தேன். எல்லாரும் ஏறியபின் சின்ன ஜெபம். பிறகு பேனரை முன் கிரில்லின் மேல் இழுத்து நாலு மூலையும் கட்டுவேன். வந்தவர்களை அதன் முன் நிறுத்தி ஒரு போட்டோ. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்து, துடைத்து, சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவேன். என் பெயர் புழுதியில் கிடக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

அந்தக் கோடையின் முதல் பயணத்தில் செங்கல்பட்டு தாண்டியதும் டேஷ்போர்டிலிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல் காற்று வந்தது. இரண்டாவது பயணத்திலும் அதேதான். என்ஜின் சூடு காட்டும் முள்ளும் கொஞ்சம் மேலே நின்றது. ஆள் அதிகம், சாமான் அதிகம் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஷெட்டுக்குப் போனால் வண்டி ஜில்லென்று ஓடும். அவன் சிவப்பும் நீலமுமாக இரண்டு குழாய் மாட்டிக் கேஸின் அழுத்தம் பார்த்தான், சரியாக இருந்தது. பெல்ட் பார்த்தான், விசிறி பார்த்தான், டேஷ்போர்டையே கழற்றி உள்ளே எலி ஏதும் கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை ஓட்டினான். எனக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டது.

"வண்டில ஒண்ணும் இல்ல மாமா. சும்மா கேஸ் போட்டு உன்ன ஏமாத்த சொல்றியா?"

"அப்ப ரோட்டுல மட்டும் ஏன்டா சூடா வருது?"

"அதான் புரில. அடுத்த ட்ரிப்புக்கு நானும் வர்றேன். முன்னாடி குந்திகினு பாத்துகினே வர்றேன், எங்க கோளாறுன்னு புட்ச்சிரலாம்."

வேண்டாம் என்றேன். கிரீஸ் சட்டையோடு இவன் முன்னால் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை, இடம் இல்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் வண்டியின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ட்ரிப்பு போறப்ப முன்னாடி எதுனா கட்றியா? காத்து போற எடம் இது. இதுக்குப் பின்னாலதான் ஏசி சூட்ட வெளிய தள்ற கண்டென்சர் கீது. அதுல காத்து படலன்னா ஏசி தானா கட் ஆயிரும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"என்னடா கட்டறது? எலுமிச்சம்பழமும் மொளகாயுமா கட்டறோம்? சர்ச்சுக்குப் போற குடும்பம்டா இது."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. பேனர் என் நினைவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வரவில்லை. அது எனக்கு வண்டியில் கட்டிய ஒரு பொருளாகவே தோன்றியதில்லை. அது நான்.

மூன்றாவது பயணம் மேடவாக்கத்திலிருந்து. பைபாஸ் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரும் அவர் மனைவியும். மகன் என்னிடம் நாலு தடவை கேட்டான், "அங்கிள், ஏசி பக்காவா இருக்கும் இல்ல?" இருக்கும் என்றேன். மச்சான் பார்த்துக் கொடுத்திருக்கிறான் என்ற தைரியம். திண்டிவனம் போவதற்குள் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டி, கண் செருகி, பேச்சு குழறிப்போயிற்று. அங்கேயே ஒரு கிளினிக்கில் படுக்கவைத்து, அவர் எழுந்து உட்கார்ந்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன். வழியெல்லாம் போனில் மகனின் குரல்.

அப்பார்ட்மென்ட் வாசலில் அவன் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள், வாட்ச்மேன், தண்ணி லாரிக்காரன் வரை நின்றார்கள். "ஏசி இல்லன்னா இல்லன்னு சொல்லணும் சார். எங்கப்பா போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றான். எல்லாரும் வண்டியின் முகத்தில் இருந்த என் பெயரைப் படித்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர்கள் உள்ளே போனதும் நாலு முடிச்சையும் பிய்த்து, பேனரைச் சுருட்டிப் படுக்கைக்கு அடியில் எறிந்தேன். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நேரே ராஜகீழ்ப்பாக்கம் போனேன்.

ஷெட்டில் அவனுடைய வாடிக்கைக்காரர்கள் மூன்று நாலு பேர் இருந்தார்கள். எல்லாரும் கால் டாக்சி முதலாளிகள். நான் சாவியை அவன் மேல் வீசினேன். அவன் அதை எடுத்துக்கொண்டு ஏறி என்ஜினைப் போட்டு ஏசியைத் திருகினான். ஐந்து நிமிடத்தில் குளிர்ந்தது. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அந்த நிம்மதியைப் பார்த்ததும் தலைக்கு ஏறிவிட்டது.

"நீ தொட்டா மட்டும் குளிருது, நான் ஓட்டினா குளிரல. நாலு நாள் கழட்டி வெச்சிருந்தியே, ஒரிஜினல் கம்ப்ரசரை எவனுக்குடா வித்த? எதைப் பூட்டிக் குடுத்திருக்க எனக்கு? அக்கா புருஷன்கிட்டயே திருடுறவன் மத்தவங்க வண்டியில என்னெல்லாம் எடுத்திருப்ப?"

ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த, டயருக்குக் காற்றடிக்கும் மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். அவன் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. என்னைத் திருப்பித் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இத அக்கா கைல சொல்லிராத மாமா" என்றான். அவ்வளவுதான்.

சொல்லாமல் இருப்பேனா? அன்றைக்கே வீட்டில் சொன்னேன், இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் எடுக்கமாட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் என்னிடம் நேராக எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேரியர் மட்டும் வழக்கம்போல் போய்வந்தது.

மெக்கானிக்கின் பெயர் கண்ணாடி டம்ளர் மாதிரி, ஒரு தடவை விழுந்தால் போச்சு. அதுவும் சொந்த அக்கா புருஷனே சொல்லிவிட்டால் வேறு சாட்சி யாருக்கு வேண்டும்? டாக்சிக்காரர்கள் பழைய பாகத்தைக் கையில் கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் வேலை முடியும்வரை அவன் தலைமேலேயே நின்றார்கள். சிலர் வரவே இல்லை. என் மனைவி இதையெல்லாம் யாரிடமோ சொல்வதுபோல் சமையலறையிலிருந்து சொல்வாள். நான் பேப்பர் படிப்பேன்.

நான் வேறு ஷெட்டுக்குப் போனேன். அவர்கள் கேஸ் போட்டார்கள். அடுத்த பயணத்தில் வண்டிக்குள் கொதித்தது. மறுபடி போட்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து மதுராந்தகம் பக்கத்தில் ஒரு லாரி என்னை உரசுவதுபோல் முந்திக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றில் பேனரின் மேல் முடிச்சு இரண்டும் அறுந்து, அது வண்டியின் மோவாயில் தொங்கிப் படபடத்தது. நிறுத்த இடமில்லாமல் கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினேன். ஸ்டீயரிங் பிடித்திருந்த என் விரல்களில் ஏதோ சில்லென்று பட்டது. பின்னாலிருந்து ஒரு அம்மா, "அப்பாடா, ஏசி வந்துடுச்சு சார்" என்றார்.

ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். இறங்கி முன்னால் நின்று பார்த்தேன். நான் லேசில் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பேனரை மறுபடி இழுத்துக் கட்டிப் பத்து நிமிடம் ஓட்டினேன். வெந்நீர்ப் பானை. அவிழ்த்துவிட்டு ஓட்டினேன். ஜில். மூன்று தடவை இப்படிச் செய்தேன். உள்ளே இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கிரில்லுக்குப் பின்னால் கண்டென்சர், அதற்கு முன்னால் காற்றுப் புகாத ஃப்ளெக்ஸ், அதில் என் பெயர். அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கேட்டது அத்தனையும் வார்த்தை மாறாமல் காதில் வந்தது.

அன்றைக்கே போயிருக்கவேண்டும். போகவில்லை. இந்தப் பயணம் முடியட்டும் என்றேன், பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் என்றேன், பிறகு கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு வருவான் இல்லையா, அப்போது பேசிக்கொள்ளலாம் என்றேன். மேடவாக்கம் போகும்போதெல்லாம் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். ஏதாவது காருக்கு அடியிலிருந்து அவன் கால் இரண்டும் தெரியும். நான் ஹாரன் அடிக்காமல் போய்விடுவேன். என் டேஷ்போர்டு அருமையாகக் குளிர்ந்துகொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. ஜனவரியில் ஷெட்டை ஒரு வாட்டர் கேன் ஏஜென்சிக்கு விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் கொடைக்கானலில் இருந்த நாளாகப் பார்த்து வந்து அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனான். பேனரை நான் பரணில் போட்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அவள் அதை இறக்கி என் ஸ்கூட்டருக்கு உறையாகத் தைத்துவிட்டாள், எழுத்து வெளியே தெரியும்படி. தினமும் காலையில் என் பெயரை நானே உருவி எடுத்துவிட்டு வெளியே போவேன். தற்செயல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வண்டியை விற்றேன். சில வருடம் கழித்து எங்கள் ஒரே மகளுக்கு வரன் அமைந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் காரிலிருந்து கைபிடித்து இறக்கிச் சர்ச் வாசல் வரை கூட்டிவருவது தாய்மாமன். அங்கிருந்துதான் அப்பா. மாமன் இல்லாத பெண்ணுக்குத் தூரத்து உறவில் யாரையாவது பிடித்தாவது செய்வார்கள். "நீங்க ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள் மனைவி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம்.

போன் செய்தேன். நலம் விசாரித்தேன். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லடா. பேனர்தான் மறைச்சிருக்கு. நீ கேட்டது சரிதான்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் மாமா. நீ ஷெட்டுக்கு வந்து கத்திட்டுப் போனல்ல, அந்த வாரமே அக்கா உன் போட்டோ ஆல்பத்த எடுத்துகினு வந்து காட்டுச்சு. எல்லா போட்டோலயும் முன்னாடி பேனர் கீது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா?"

"நான் சொன்னா அக்காவும் தம்பியும் சேர்ந்து கதை கட்றாங்கன்னுவ. நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். அப்புறம் ஒரு நாளு ஆளுங்கள ஏத்திகினு பேனர் இல்லாம போன. சரி, மாமாவுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ரெண்டு மாசம் வாசலையே பாத்துகினு இருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான்.

"போன்ல சொல்லி இன்னா மாமா பண்றது? நீ நாலு பேரு எதுர்லதான சொன்ன."

கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். லீவு கிடைக்காது என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். திரும்பிப் பார்த்தால் மனைவி கதவருகே நின்றிருந்தாள். உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன். "திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டுட்டா சொன்னீங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தன்று நான் கோட் சூட்டோடு சர்ச் வாசலில் நின்றேன். சபை ஆட்கள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அன்றைக்கு ஷெட்டில் நின்றிருந்த டாக்சி முதலாளிகளில் ஒருவரும் வந்திருந்தார். நான் பத்திரிகை வைத்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று. கார் வந்து நின்றது. கதவைத் திறந்து, மகளின் கையைப் பிடித்து இறக்கியது என் மனைவி. தூரத்து உறவு யாரும் வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லிவிட்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சம்பந்தி என் பக்கம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"பொண்ணுக்குத் தாய்மாமா இல்லையா சார்?"

நாலு பேர் இல்லை, நானூறு பேர் இருந்தார்கள். அந்த டாக்சி முதலாளியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் படியேறி எனக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள்.

"இருக்கார். மஸ்கட்ல. லீவு கிடைக்கல" என்றேன்.

என் மனைவிக்கு அது கேட்டது. மகளின் கையை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.